காரணம் தெரியாத கிட்னி நோயா? ஃபைலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

என் அக்கா மகளுக்கு நாலு வயதாகியும் நடை சரியாக வரவில்லை. கால் வளைந்திருந்தது, உயரம் இரண்டு வயதுக் குழந்தை அளவுக்குத்தான் இருந்தது, ராத்திரி எழுந்து எழுந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள். சத்துக் குறைவு என்று வைட்டமின் டி கொடுத்தார்கள். சரியாகவில்லை. இன்னும் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் பிள்ளையால் தலையைத் தூக்க முடியவில்லை, கை கால் துவண்டு கிடந்தது. ஓடினோம். பொட்டாசியம் 2.1, ரொம்பவும் குறைவு. டிரிப் ஏற்றி மூன்று நாளில் அனுப்பிவிட்டார்கள், ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில் ஒரு இளம் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "பைகார்பனேட் எங்கே?" என்றார். ரத்தத்தில் அமிலத்தைச் சமன் செய்கிற உப்பு அது. எங்குமே இல்லை. இரண்டு வருடத்தில் யாரும் எழுதவில்லை. அன்றைக்கே எடுத்தார், 13 வந்தது. இருபதுக்கு மேல் இருக்க வேண்டியது. அந்த டெஸ்டுக்கு ஆன செலவு நாங்கள் ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

நோயின் பெயர் டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ். உடம்பில் தினமும் சேரும் அமிலத்தைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் வெளியே தள்ள வேண்டும். இவளுக்கு அந்த வேலை பிறவியிலேயே நடக்கவில்லை. தள்ளாத அமிலம் ரத்தத்தில் தங்குகிறது, எலும்பு கரைகிறது, கரைந்த சுண்ணாம்பு போய்ச் சிறுநீரகத்திலேயே படிகிறது, பொட்டாசியம் மட்டும் சிறுநீரில் ஓடிவிடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வைட்டமின் டியை அள்ளி அள்ளிக் கொடுத்தால் படிகிற சுண்ணாம்பு இன்னும் கூடும். நல்லது என்று நினைத்துச் செய்ததுதான், ஆனால் இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் டாக்டர் இல்லை. அதற்குப் பிறகு பல குடும்பங்களுக்குத் துணையாக ஓபி வரிசைகளில் உட்கார்ந்த ஆள். மருந்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சரியாக முடிவு செய்வதற்கு நீங்கள் என்னென்ன கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஃபைல்

வீட்டில் எத்தனை பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட் இருக்கிறதோ அத்தனையையும் கொட்டி, தேதி வாரியாக அடுக்குங்கள். பிறகு ஒரே ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்: தேதி, உயரம், எடை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு), சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், சிறுநீரில் புரதம், சிறுநீரில் ரத்தம். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் முதல் கேள்வி. எங்கள் தாளில் பைகார்பனேட் வரிசை முழுக்கக் காலி. அதை நாங்களே முன்னால் எழுதிப் பார்த்திருந்தால் ஒரு வருடமாவது மிச்சமாகியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "காரணம் தெரியவில்லை" என்ற மாதிரி ஏதாவது வரி இருந்தால் அடிக்கோடு போடுங்கள். ஸ்கேனில் எழுதிய அளவுகளையும் விடாதீர்கள், "இரண்டு கிட்னியிலும் சுண்ணாம்புப் படிவு" என்று எங்களுக்கு ஒரு வருடம் முன்பே எழுதியிருந்தது, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்து குடும்ப மரம். மூன்று தலைமுறை. இதற்குப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும், ஃபோனில் கேட்டால் "நம்ம வீட்ல அதெல்லாம் கிடையாது" என்றுதான் வரும். நோய் பற்றிக் கேட்காதீர்கள், ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். யாருக்குச் சின்ன வயதிலேயே காது மந்தம்? யார் நாற்பதுக்குள் டயாலிசிஸ் போனார்? யாருக்கு அடிக்கடி கல்? பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் இறந்த குழந்தை உண்டா, அதற்கு என்ன சொன்னார்கள்? எங்கள் வீட்டில் சின்ன மாமாவின் பையன் எட்டு மாதத்தில் "வயிற்றுப்போக்கில்" போய்விட்டான் என்றுதான் இத்தனை நாள் பேச்சு. அத்தையிடம் விசாரித்தால், அவனும் இதே மாதிரி தண்ணீருக்கு அழுதிருக்கிறான், எடையே ஏறவில்லை.

அப்புறம் சொந்தத்தில் கட்டியதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அக்கா கட்டியது தாய்மாமனை. டாக்டர் கேட்டபோது அம்மா "தூரத்துச் சொந்தம்" என்று இழுத்தார். நான்தான் குறுக்கே புகுந்தேன். பல அரிய நோய்கள் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை வைத்து "உங்க பக்கத்தாலதான்" என்று சண்டை போடுவது அபத்தம், பழுது இரண்டு பக்கமும் வந்தது.

விலை குறைந்த டெஸ்டுகளை முதலில் முடியுங்கள்

மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பொறுங்கள். சாதாரண லேபில் எடுப்பதே பாதி வழிக்குக் கொண்டுவிடும்.

சிறுநீர் ரொட்டீன் எடுக்கும்போது காலையில் போகும் முதல் சிறுநீரைக் கொடுத்து, சீக்கிரமே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், நாலு மணி நேரம் மேசையில் கிடந்த சிறுநீரில் செல்கள் உடைந்துபோயிருக்கும். சிவப்பணுக்கள் இருந்தால் அவை நெளிந்து கோணலாக இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். கோணலாக இருந்தால் ரத்தம் சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்தே வருகிறது என்று அர்த்தம், கல்லாலோ மூத்திரப்பையாலோ வருவது பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். அறுகோணப் படிகம் தெரிந்தால் அது பெரும்பாலும் சிஸ்டினூரியா, அதாவது சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சிறுநீரில் போய்க் கல்லாகிற பரம்பரை நோய்.

ரத்தத்தில் நான்கு உப்புகளையும் சேர்த்து எடுங்கள். பல லேபில் எலக்ட்ரோலைட் என்றால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றோடு நின்றுவிடும், பைகார்பனேட்டைத் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். நான்கும் கையில் வந்தால் ஒரு கணக்கு: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழியுங்கள். உதாரணத்துக்கு 138, 112, 14 என்று இருந்தால் 138 கழித்தல் 126, மீதி 12. பைகார்பனேட் குறைந்திருந்தும் இந்த மீதி எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால், வயிற்றுப்போக்கும் இல்லையென்றால், சந்தேகம் நுண்குழாய்கள் பக்கம் போக வேண்டும். அதே நேரத்தில் சிறுநீரின் பி.எச் (அமிலத்தன்மையின் அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றால் எங்கள் வீட்டு நோய்தான் முதல் சந்தேகம். ஒரு எச்சரிக்கை: குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்து ரத்தம் எடுத்தால் செல்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். ரிப்போர்ட்டின் அடியில் "ஹீமோலைஸ்டு" என்று எழுதியிருந்தால் மறுபடி எடுங்கள்.

பொட்டாசியம் குறைவாக இருந்து, பைகார்பனேட் குறையாமல் கூடியிருந்து, ரத்த அழுத்தமும் கூடாமல் இருந்தால் மெக்னீசியத்தையும் சிறுநீரில் போகும் கால்சியத்தையும் பாருங்கள். இரண்டும் குறைவென்றால் கிடெல்மன் நோய், உப்புகள் சிறுநீரில் ஓடிவிடும் பரம்பரை நோய், 1966இல் விவரிக்கப்பட்டது. இவர்களுக்குக் கை கால் குரக்கு பிடிக்கும், உப்பு மேல் ஆசை வரும், ஊறுகாயை வெறுமனே நக்குவார்கள். வருடக்கணக்கில் "டென்ஷன்" என்று மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுத்தர வயதுப் பெண் ஒருவர் திடீரென்று கை கால் விழுந்து, பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்து, பைகார்பனேட்டும் குறைந்திருந்தால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா, தண்ணீர் இல்லாமல் சாதம் விழுங்க முடிகிறதா? ஷோகிரென் என்ற நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்குவது, இப்படியும் தலை காட்டும். இவருக்கு வைத்தியம் ரூமடாலஜி (மூட்டு, எதிர்ப்புச் சக்தி நோய்கள்) டாக்டரோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

கிட்னிக்கு வெளியே தேடுங்கள்

அரிய நோயின் பெயர் பல நேரம் கண்ணிலும் காதிலும் தோலிலும்தான் எழுதியிருக்கும். சிறுநீரில் ரத்தமும் காது மந்தமும் ஒரே குடும்பத்தில் ஓடினால் ஆல்போர்ட் என்ற பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். 1927இல் செசில் ஆல்போர்ட் என்ற டாக்டர் எழுதியது, நூறு வருடமாகத் தெரிந்த நோய், இன்னும் "சூட்டினால் ரத்தம் போகிறது" என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதில் காது முதலில் கீச்சென்ற மெல்லிய ஒலிகளைத்தான் இழக்கும், பேச்சு நன்றாகவே கேட்கும், ஆகவே "என் பையன் காது பாம்புக் காது" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் டெஸ்ட்) எடுங்கள். பெண்களுக்கு வராது, கடத்த மட்டும் செய்வார்கள் என்று முன்பு சொல்வார்கள்; அது தவறு, அவர்களில் ஒரு பகுதியினருக்கும் வயது ஏற ஏறச் சிறுநீரகம் பழுதாகும்.

எங்கள் பிள்ளைக்கும் காது பார்த்தோம். லேசான குறைவு இருந்தது. அவள் நோயின் சில மரபணு வகைகளில் காதும் பாதிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆறு மாத வயதுக்குப் பிறகு எடை ஏறாமல், தண்ணீருக்குத் தவித்து, எலும்பு வளைந்து, சிறுநீரில் சர்க்கரை, பாஸ்பேட் எல்லாம் சேர்ந்து போகிற குழந்தைக்குச் சிஸ்டினோசிஸ், அதாவது செல்களுக்குள் சிஸ்டின் சேர்ந்து படிகிற நோய், இருக்கலாம். கண் டாக்டரின் ஸ்லிட் லேம்ப்பில் கருவிழியில் மினுமினுப்பாகப் படிகங்கள் தெரியும், ஆனால் ஒன்றரை வயதுக்கு முன்னால் தெரியாமலும் போகலாம், அதற்கு வெள்ளணுக்களில் சிஸ்டின் அளவு பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூட வயதிலேயே உள்ளங்கை, உள்ளங்கால் எரிகிறது என்று அழுகிற பையன், வெயிலில் விளையாடினாலும் வியர்க்காதவன், இடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்ன கருஞ்சிவப்புப் புள்ளிகள், முப்பதை நெருங்கும்போது சிறுநீரில் புரதம்: இது ஃபேப்ரியாக இருக்கலாம், ஒரு என்சைம் குறைவதால் வரும் பரம்பரை நோய். ஆணுக்கு ரத்தத்தில் என்சைம் அளவு போதும். பெண்ணுக்கு என்சைம் நார்மலாகவே வரலாம், அதை நம்பி விடக்கூடாது, மரபணுவைப் பார்க்க வேண்டும்.

இனி கல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் பெரிய அநியாயங்கள் நடக்கின்றன. குழந்தைக்குக் கல், இரண்டு பக்கமும் கல், எடுத்தும் எடுத்தும் வருகிற கல், இந்த மூன்றில் எது இருந்தாலும் எடுத்த கல்லைத் தூக்கிப்போட விடாதீர்கள், சின்ன டப்பாவில் கேட்டு வாங்குங்கள். அகச்சிவப்புக் கதிர் முறையில் கல்லைப் பரிசோதிக்கிற லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண ரசாயன முறையில் ஏபிஆர்டி என்ற என்சைம் குறைவினால் வரும் கல்லை யூரிக் அமிலக் கல் என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு, இரண்டுமே எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்கு அலோபுரினால், எந்த மெடிக்கலிலும் கிடைக்கிற பழைய மாத்திரை, அதுவே மருந்து. கண்டுபிடிக்காமல் போனால் டயாலிசிஸ்.

இன்னொன்று பிரைமரி ஹைப்பர்ஆக்ஸலூரியா. கல்லீரலில் ஒரு என்சைம் இல்லாததால், கல்லை உண்டாக்கும் ஆக்ஸலேட் என்ற கழிவு கொட்டிக்கொண்டே இருக்கும், அது சிறுநீரகத்தை அடைத்துவிடும். கல் இருந்த ஒருவர் இளவயதில் டயாலிசிஸுக்கு வந்து, காரணம் தேடாமல், தாய் தன் கிட்னியைக் கொடுத்து, அதுவும் சில மாதத்தில் ஆக்ஸலேட்டால் நிரம்பிப் பாழாகி, அப்புறம்தான் நோய் தெரிய வருகிறது என்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகிற கதை. பழுது கல்லீரலில் இருக்கும்போது கிட்னியை மட்டும் மாற்றினால் எப்படி? ஆகவே கல் வரலாறு உள்ளவருக்கு மாற்று அறுவைக்கு முன்னால் ஆக்ஸலேட் பார்த்தாயிற்றா என்று கேட்டே ஆக வேண்டும். கிட்னி ஓரளவு வேலை செய்யும்போது 24 மணி நேரச் சிறுநீரில் பார்க்கலாம், டயாலிசிஸுக்குப் போனபின் ரத்தத்திலும் மரபணுவிலும்தான்.

24 மணி நேரச் சிறுநீர் பிடிப்பதில் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் போவதைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு போவது எல்லாம் கேனில். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போவதும் கேனில். அவ்வளவுதான். ஆக்ஸலேட் பார்க்கும் கேனில் லேபே அமிலம் ஊற்றிக் கொடுக்கலாம், கையில் பட்டுவிடாமல் வேறு டப்பாவில் பிடித்து ஊற்றுங்கள். வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதுவும் ஆக்ஸலேட்டைக் கூட்டும். சேர்ந்தாற்போல் கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னால், சிறுநீர் முழுசாகப் பிடித்ததா என்று தெரிந்துவிடும்.

இதே ஆக்ஸலேட் பழத்தாலும் வரும். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நல்லது என்று யாரோ சொல்லப் பிலிம்பிக்காய்ச் சாற்றைத் தம்ளர் கணக்கில் குடித்துச் சிறுநீரகம் நின்றவர்களைப் பற்றிக் கேரள டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நட்சத்திரப் பழமும் அப்படியே. டாக்டரிடம் போகும்போது பாட்டி வைத்தியம், லேகியம், பஸ்பம், வலி மாத்திரை எல்லாவற்றையும் பையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாதது

மேலே சொன்னதெல்லாம் வாரக்கணக்கில் செய்யலாம். ஒன்று மட்டும் அப்படி இல்லை. ஹீமோகுளோபினும் தட்டணுவும் (பிளேட்லெட்) சட்டென்று இறங்கி, கிரியாட்டினின் ஏறி, சிறுநீரும் குறைந்தால் அதே நாளில் பெரிய ஆஸ்பத்திரி. டெங்கு என்று நினைத்துத் தட்டணுவை மட்டும் எண்ணிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது உடைந்த சிவப்பணுக்கள் தெரிந்தால் எச்.யு.எஸ் அல்லது டி.டி.பி என்ற, சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும் நோயாக இருக்கலாம். பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்னால் காரணத்தைக் காட்டும் டெஸ்டுகளான ஆடாம்ட்ஸ்-13, சி3, ஃபாக்டர் எச் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இவற்றுக்கு ரத்தம் எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள், ஏற்றிய பிறகு எடுத்தால் முடிவை நம்ப முடியாது. இந்தியக் குழந்தைகளிடம் அந்த எதிர்ப்பொருளால் வரும் எச்.யு.எஸ் வகை அதிகம் காணப்படுகிறது. பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் நேரத்தோடு கொடுத்தால் பலர் மீள்கிறார்கள்.

பயாப்ஸி, மரபணு

பயாப்ஸி என்றால் பயப்படுகிறவர்களுக்கு: ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய துண்டு எடுப்பார்கள், ஒரு நாள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கிறார்களா? ஆல்போர்ட் போன்றவை சாதாரண மைக்ராஸ்கோப்பில் பிடிபடாமல் போகலாம். கிட்னி ஏற்கெனவே சுருங்கிவிட்டிருந்தால் பயாப்ஸியில் தழும்புதான் தெரியும், ஆபத்தும் அதிகம், அப்போது மரபணு வழிதான் மேல்.

மரபணுவுக்கு ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும், செலவு சில பத்தாயிரம் ஆகும், முடிவு வர வாரங்கள் பிடிக்கும். "தெளிவற்ற மாற்றம்" என்று ரிப்போர்ட் வந்தால் அது நோய் என்றும் அர்த்தமில்லை, நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை; தாய், தகப்பன் ரத்தத்தோடு ஒப்பிட்டால் பல நேரம் தெளியும். எக்ஸோம் (மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் டெஸ்ட்) நார்மல் என்று வந்தாலும் முடிந்துவிடவில்லை, எம்.யு.சி-1 மரபணுவில் வரும் பழுது போலச் சிலவற்றை அந்த முறை பிடிக்காது. எந்த நோயைச் சந்தேகிக்கிறோம் என்று டாக்டர் விவரமாக எழுதி அனுப்பினால்தான் லேபும் சரியான இடத்தில் தேடும். அதற்குத்தான் அந்த அட்டவணையும் குடும்ப மரமும்.

வைத்தியம்

அரிய நோய் என்றாலே கோடி ரூபாய் ஊசி என்ற பயம் உண்டு. எங்கள் பிள்ளைக்கு மருந்து சிட்ரேட் சிரப்பும் சோடா (பைகார்பனேட்) மாத்திரையும். பொட்டாசியம் ரொம்பக் குறைவாக இருக்கும்போது முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் பைகார்பனேட் கொடுப்பார்கள், மாற்றிச் செய்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். அவசரப் பிரிவில் புதிதாக ஒருவர் பார்க்கும்போது இதை நினைவுபடுத்துங்கள். ஆல்போர்ட்டுக்கு ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள், சீக்கிரம் தொடங்கினால் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடும். கர்ப்பத்தில் இவை கூடாது, கல்யாணமான பெண் என்றால் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிடெல்மனுக்கு உப்பு, பொட்டாசியம், மெக்னீசியம்.

விலை கூடியவை உண்டு. ஃபேப்ரிக்கு என்சைம் ஊசி, சிஸ்டினோசிஸுக்குச் சிஸ்டியமின், ஹைப்பர்ஆக்ஸலூரியாவின் முதல் வகைக்கு 2020இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்ற லுமாசிரான். அந்த முதல் வகையில் சிலருக்கு வெறும் வைட்டமின் பி6 நன்றாகவே வேலை செய்யும் என்பதால் அதை முயன்று பார்க்காமல் விடக்கூடாது. பண உதவிக்கு மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை இருக்கிறது, அதன் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் வரை உதவி, ஆனால் அறிவிக்கப்பட்ட சிறப்பு மையம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். டயாலிசிஸ், மாற்று அறுவை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

மாற்று அறுவையில் வீட்டார் கிட்னி கொடுக்க முன்வரும்போது, நோய் பரம்பரையானது என்று தெரிந்தால் கொடுப்பவருக்கும் அதே மரபணுவைப் பாருங்கள். அண்ணனுக்குக் கொடுத்த தம்பி பத்து வருடத்தில் தானே வரிசையில் நிற்கக் கூடாது.

அக்கா மகளுக்கு இப்போது பதினான்கு வயது. மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை, அமிலம் ராத்திரியும் சேரும் என்பதால் படுக்கும் முன் கொடுப்பதுதான் பெரிய வேளை. சிரப் கசப்பும் உப்புமாகத் தொண்டையைக் கரிக்கும், குளிர்ந்த தண்ணீரில் கலந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். கால் நேராகிவிட்டது. உயரத்தில் போன வருடம் என் அக்காவைத் தாண்டிவிட்டாள், அந்த அட்டவணைத் தாளில் உயரக் கட்டத்தை இப்போது அவளே நிரப்புகிறாள்.